ரத்தம் அவளுடையது, ஊசி எனக்கு

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. ஏழு பெற்று நான்கை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டு ஆண், இரண்டு பெண். நான்கு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். யார் வீட்டு வாசலிலும் போய் நின்று ஒரு படி ராகி கைமாற்றாகக் கேட்டதில்லை. என் பெயர் மாதம்மாள். சொந்த ஊர் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் போன பிறகு ஓசூரில் சின்ன மகன் கோவிந்தன் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்றுதான் எழுதுவேன். அவன் வைத்திருக்கிறான் என்று எழுத மாட்டேன். ஊரில் என் பெயரில் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவள் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஊரில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். அவளிடம் ஆறு மாதம் படித்தேன். மற்றவர்கள் கையெழுத்து வந்ததும் நின்றுவிட்டார்கள். நான் பஸ் பெயர் படிக்கிறவரை போனேன். அதனால் இதை எழுத முடிகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அவசரம் ஒன்றும் இல்லை. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்குக் காது போய்விட்டது. ஊசி மருந்தால் போனது. எப்படிப் போனது என்று எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் குற்றவாளி என் மருமகள் சாந்தி. அந்தக் கதை தப்பு. என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி சாந்தி, அவள் வாயைத் திறக்க மாட்டாள். இன்னொருத்தி நான்.

முதலில் ஒரு பேப்பர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோவிந்தன் தொழிற்பேட்டையில் வண்டி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். தொழிலாளிக்கும் பெண்டாட்டி பிள்ளைக்கும் கம்பெனியிலேயே டாக்டர் உண்டு, மருந்தும் உண்டு, காசு கிடையாது. ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். தாய் தகப்பனையும் அதில் சேர்க்கலாம். ஆனால் அதற்கு ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும். கோவிந்தன் கொண்டுவந்து கொடுத்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு வருமானம் எதுவும் கிடையாது, மகனுடைய ஆதரவில் மட்டுமே வாழ்கிறேன் என்று போட்டிருந்தது.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"சும்மா ஒரு பேப்பர்தாம்மா. எல்லார் வூட்டு அம்மாவும் போட்டிருக்காங்க" என்றான்.

"எல்லார் வூட்டு அம்மாவுக்கும் தோப்பு இருக்குதா? நான் கையெழுத்துக் கத்துக்கினது இதுல போடறதுக்கு இல்ல."

அந்தப் பேப்பர் ரொம்ப நாள் அலமாரியில் கிடந்தது. அட்டையில் கோவிந்தன், சாந்தி, பேத்தி திவ்யா என்று மூன்று பெயர்தான்.

போன வருஷம் மாசியில், ஊரில் மா பூத்திருந்த சமயம், எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். நிற்கவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினேன். இரண்டு நாளில் எரிச்சல் நின்றது. மீதி மாத்திரையைப் பத்திரமாக டப்பாவில் வைத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தது, மீதியைப் போட்டேன். இப்படிப் பாதிப் பாதியாகப் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகுமாம். இது பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னது. அப்போது எனக்குத் தெரியாது. மருந்தை வீணாக்காமல் வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது குளிர் காய்ச்சலோடு வந்தது. பல் கிட்டியது. நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சாந்தி கம்பளியைத் தூக்கிப் பார்த்து நெற்றியில் கை வைத்தாள். டாக்டரிடம் போகலாம், ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றாள். ஆம்பிளை டாக்டரிடம் போய் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். அதைவிட, என் வைத்தியத்துக்கு மகன் பையில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. தோப்புக் குத்தகைப் பணம் சித்திரையில்தான் வரும்.

இந்த இடத்தை நான் நிதானமாக எழுதுகிறேன். யோசனை என்னுடையது. சாந்தியுடையது இல்லை.

"நீ கம்பெனி டாக்டருகிட்ட போ. உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. எனக்கு இருக்கறத எல்லாம் உனக்கு இருக்குதுன்னு சொல்லு. மருந்து வாங்கியா" என்றேன்.

"எனக்குக் காய்ச்சலே இல்லியே அத்தை."

"நேத்து இருந்துது, மாத்திரை போட்டன், எறங்கிடுச்சின்னு சொல்லு. இதுகூடவா நான் சொல்லித் தரணும்?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். வேறு டாக்டர் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போகலாமே என்றாள். அதுவும் வேண்டாம் என்றால் அவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தன் கணவனை இழுத்தாள். கோவிந்தன் அப்போது ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பக் கூடாது என்று சொன்னேன். இந்த வீட்டில் நான் சொன்னால் அவள் மறுத்ததில்லை. அன்றைக்கு மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கும் அவளைக் குறை சொல்ல முடியாது. மறுக்க விடாதவள் நான்.

கம்பெனி டாக்டர் அவளிடம் எல்லாம் கேட்டிருக்கிறார். நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவள் அறுபத்திரண்டு கிலோ. நான் நாற்பத்தொன்று. நீர் பிடித்துக் கொடுக்க ஒரு டப்பா கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஆகும் என்று அங்கே சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து என்னிடம் கொடுத்து, நிரப்பி எடுத்துப் போனாள். வீடு கம்பெனிக்குக் கிட்டத்தில்தான். அது சரியாகப் போயிற்று. அப்புறம் ரத்தம் வேண்டும் என்றார்களாம். ரத்தத்தை வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. சாந்தி என்று கூப்பிட்டார்கள், அவள் கையை நீட்டினாள்.

ஆக அந்தச் சீட்டில் நீர் என்னுடையது, ரத்தம் அவளுடையது. அப்படி ஒரு ஆள் உலகத்தில் கிடையாது. அந்த ஆளுக்குத்தான் டாக்டர் மருந்து எழுதினார். அவர் மேல் தப்பு சொல்ல எதுவும் இல்லை.

நீரில் இருக்கிற கிருமியை ஒரு தட்டில் வளரவிட்டு, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம். மூன்று நாள் ஆனது. மாத்திரை எதற்கும் சாகவில்லை, ஊசிக்குத்தான் சாகிறது என்று வந்தது. இந்த ஊசி மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுத்தது, உன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்று டாக்டர் சாந்தியிடம் சொல்லியிருக்கிறார். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஏழு நாள். கூடவே இதையும் சொல்லியிருக்கிறார். காதில் சத்தம் வந்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு வரவேண்டும். சாந்தி இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எங்கள் லைன் வீட்டில் கடைசி வீடு சின்னராஜுடையது. முன்னே ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். தெருவுக்கே அவர்தான் ஊசி போடுவார். சீட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்னாம்மா, சாந்தி, வயசு முப்பதுன்னு போட்டிருக்குது?"

"ஊசிக்கு வயசு தெரியுமாய்யா? பேசாம போடு" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னராஜும் சிரித்துக்கொண்டே மருந்தை ஏற்றினார். எனக்கும் நல்ல பதில் சொன்ன திருப்திதான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. களி தின்ன ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் கோவிந்தனுக்கு விஷயம் தெரிந்து சாந்தியைத் திட்டினான். அட்டையை வேறு ஆளுக்குப் பயன்படுத்தியதற்காகப் போன வருஷம் ஒருத்தனை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றான். அவள், அத்தைக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். நான் படுத்துக்கொண்டு கேட்டேன். அப்போது கேட்டது.

ஆறாம் நாள் காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. முதலில் வெளியே என்று நினைத்தேன். வாசல் கதவைச் சாத்திப் பார்த்தேன். சத்தம் உள்ளே இருந்தது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாள் யோசித்துவிட்டேன். சொன்னால் சாந்தி மறுபடி டாக்டரிடம் போகவேண்டும். எனக்குக் காது இரைகிறது என்று சொல்லவேண்டும். அவர் அவள் காதைப் பார்ப்பார். நீரை டப்பாவில் கொடுத்து அனுப்பினேன். காதை எதில் கொடுத்து அனுப்புவது? பொய் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு நாள்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏழு நாள் முடிந்து மறுநாளே உடம்பு சூடாக இருந்தது. கொஞ்சம்தான். நான்தான் பயந்துபோய், இன்னும் மூன்று நாளைக்கு எழுதி வாங்கி வரச்சொல்லி சாந்தியை அனுப்பினேன். காது, தலைசுற்றல் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் காது நன்றாகத்தானே இருந்தது.

பத்தாம் நாள். சாந்தி வெளியே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குக்கரில் பருப்பு வைத்திருந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் தலையை நீட்டி, "எத்தினி விசில் வந்துச்சி அத்தை?" என்றாள். அது கேட்டது, கொஞ்சம் தூரத்தில் இருந்து பேசுகிற மாதிரி.

"ஒண்ணும் வர்ல" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. சாந்தி ஈரக் கையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். குக்கர் என் முழங்காலுக்கு ஒரு முழத்தில் இருந்தது. அவள் குக்கரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன். தரை சாய்ந்தது. தெப்பத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. கீரை மேலேயே விழுந்தேன்.

கால் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக வாந்தி வேறு. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். கிளம்பும்போது கோவிந்தன் அலமாரியிலிருந்து கம்பெனிச் சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே பேனாவைக் குத்திக்கொண்டான். அது யார் கண்ணிலும் படக்கூடாது என்று எனக்குப் புரிந்தது.

அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். கிட்டத்தில் வந்து, முன்னே ஏதாவது ஊசி போட்டார்களா என்று சத்தமாகக் கேட்டாள். கோவிந்தன் முந்திக்கொண்டு, மாத்திரை மட்டும்தான் என்றான். டாக்டர் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், நீரில் கிருமி இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்று பார்த்து, ரத்தச் சோதனை வருவதற்குள் மருந்தை ஆரம்பித்தார்கள். அதே ஊசி. மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. குப்பியின் மூடி நிறம் ஒன்றுதான், எனக்கு அடையாளம் தெரிந்தது. கையை நீட்டினேன். அந்த இரண்டு ஊசியும் எங்கள் வாயால் நாங்களே போட்டுக்கொண்டது.

மறுநாள் காலையில் ரத்தத்தின் முடிவு வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு. உடம்பில் சேருகிற கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் ரத்தத்திலேயே தேங்கும். நல்ல ஆளுக்கு ஒன்றை ஒட்டி இருக்குமாம். எனக்கு ஐந்தைத் தாண்டியிருந்தது. ஏன் இப்படி என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் குளுகுளுவென்று எதையோ தடவி ஒரு கட்டையை உருட்டினார்கள். கல் இல்லை. இருதயத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு முழுக்கப் படுக்கையோடு தள்ளிக்கொண்டே போனார்கள். மேலே விளக்கு விளக்காகப் போயிற்று. யார் என்ன பேசினாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தாள். கட்டிலைச் சுற்றிக் கோவிந்தன், சாந்தி, திவ்யா. திவ்யாவை வீட்டில் விட ஆள் இல்லை, கூடவே வைத்திருந்தார்கள். ஆறாவது படிக்கிறாள். டாக்டர் பேசினாள். கோவிந்தன் தலை குனிந்தான். அப்புறம் சாந்தி வாயைத் திறந்தாள். கோவிந்தன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் கையை விடுவித்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடாமல், நேராக டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் முகம் மட்டும் தெரிந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தான்.

எல்லாரும் போன பிறகு திவ்யாவைக் கூப்பிட்டேன். உங்கம்மா என்னா சொன்னா, எழுதிக் காட்டு என்றேன். அவள் கணக்கு நோட்டில் எழுதினாள். சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு அம்மா சொன்னது இது:

"வேணாங்க மேடம். பத்து நாள் ஊசி போட்டாங்க. எம்பேர்ல வாங்கினது. அந்த ரத்தம் என்னோடது."

இது யார் செய்த வேலை என்று டாக்டர் கேட்டாராம். அம்மா சொன்ன பதிலைத் திவ்யா தனி வரியாக எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "என் யோசனைதாங்க" என்று இருந்தது.

கோவிந்தன் வராந்தாவில்தான் நின்றிருந்தான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

உண்மை தெரிந்ததும் வைத்தியம் நேராகப் போயிற்று. சதை எடுக்கவில்லை. வேறு மருந்து ஏற்றினார்கள். உள்ளே போகிற தண்ணீரையும் வெளியே வருகிற நீரையும் அளந்து எழுதினார்கள். அந்த ஜாடியை ஆயாக்கள் வருவதற்குக் காத்திருக்காமல் கோவிந்தனே எடுத்துப் போவான். முகத்தைச் சுளித்தது கிடையாது. மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வரலாம் என்று சொல்லி வைத்தார்கள். எட்டு நாள் அந்தப் பயம் இருந்தது. வரவில்லை. ஐந்து நாலாகி, மூன்றாகி, இரண்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. சிறுநீரகம் ஓரளவு பிழைத்தது. அது பிழைக்கும், காதுதான் பிழைக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அவள் திவ்யாவின் நோட்டில் படம் போட்டுக் காட்டினாள். காதுக்கு உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குள் சின்னச் சின்ன மயிர், ராகிக் கதிர்மேல் இருக்கிற சுணை மாதிரி. சத்தம் வந்தால் அது அசையும். பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் இருக்கிற மயிர், நாம் நேராக நிற்கிறோமா சாய்கிறோமா என்று சொல்லும். இந்த மருந்து கிருமியை நன்றாகக் கொல்லும். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வெளியே போகாமல் தேங்கி அந்த மயிரைச் சுட்டுவிடும். முதலில் கீச்சுச் சத்தங்கள் போகும், பிறகு கனமான சத்தங்கள். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. ஊசியை நிறுத்தினாலும் சில வாரம் வரைக்கும் உதிர்ந்துகொண்டே இருக்கலாம். என்னையே காட்டியிருந்தால், எழுபது வயதுக்கும் நாற்பது கிலோவுக்கும் அளவைக் குறைத்து, நாளைத் தள்ளித் தள்ளி, ரத்தம் பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பார்கள். முதலிலேயே வேறு மருந்து கூடக் கொடுத்திருப்பார்கள்.

ஊசிக்கு வயசு தெரிந்திருக்கிறது.

காதைச் சோதிக்க ஒரு கண்ணாடி அறை. காதில் இரண்டு மூடி மாட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பையன் மிஷினைத் தொடும்போது அவன் தோள் அசைந்தது. அதைப் பார்த்து அழுத்தினேன். நாலைந்து தடவை சரியாகவே அழுத்தினேன். அவன் சிரித்துக்கொண்டு எழுந்துவந்து, நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க உட்காரவைத்துவிட்டுப் போனான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை போட்ட பலகை. அந்த ஓட்டைகளைப் பார்த்தபடி பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவன் வந்து தோளைத் தொட்டபோதுதான் முடிந்தது என்று தெரிந்தது. கடைசியில் கனத்த சத்தம் கொஞ்சம் மட்டும் இடது காதில் பாக்கி இருந்ததாம்.

பக்கத்துக் கட்டிலில் ஆனேக்கல் பக்கத்து அம்மாள் ஒருத்தி. எனக்குக் கேட்காது என்று தெரியாமல் இரண்டு நாள் கன்னடத்தில் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள். நானும் அவள் கண் கலங்கும்போது தலையை ஆட்டினேன், சிரிக்கும்போது சிரித்தேன். தெரிந்ததும் வெட்கப்பட்டாள். அப்புறம் என்னைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். நர்சுகள் அஜ்ஜி, அஜ்ஜி என்று கூப்பிடுவது உதட்டிலிருந்து தெரியும். அஜ்ஜி என்றால் பாட்டி. முதலில் கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடுவதே இல்லை, கையைத் தூக்கி வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பதினாறு நாள் இருந்தேன். பில்லுக்காக முன்பணம் வாங்கிக்கொண்டு என் தோப்பை மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டோம். அதைப் பற்றி அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது இடது காதில் லாரிச் சத்தமும், கோவிந்தன் கிட்டத்தில் வந்து கத்தினால் அதுவும் கேட்டது. டாக்டர் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகப் போயிற்று. தினமும் விடிந்ததும் செம்பைத் தரையில் தட்டிப் பார்ப்பேன். பதினெட்டாம் நாள் செம்பு கேட்கவில்லை. மறுபடி தட்டினேன். திவ்யா எழுந்துவந்து செம்பை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். காதில் மாட்டுகிற மிஷின் வாங்கிப் பார்த்தோம். இரைச்சல்தான் அதிகமானது. இப்போது சில்வண்டு மட்டும் இருக்கிறது. அது மட்டும் போகவில்லை.

நடை இன்னும் சரியில்லை. கண்ணைத் திறந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் நிற்பேன். மூடினால் விழுவேன். முகம் கழுவும்போது கண்ணை மூடத்தானே வேண்டும். அப்போது சாந்தி பின்னால் வந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொள்வாள். என் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரோரம் ஆணி அடித்துக் கயிறு கட்டியிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு போய்வருவேன்.

கோவிந்தன் கம்பெனியில் தானே போய் உண்மையைச் சொன்னான். வேலை போகவில்லை. மெமோ கொடுத்தார்கள். மருந்துக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த வருஷம் அவனுக்கு வரவேண்டிய லீட்மேன் வேலை, பத்து பேரை மேய்க்கிற வேலை, இன்னொருத்தனுக்குப் போயிற்று. அட்டைக்கான அந்தப் பேப்பரை நானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் இப்போது அட்டையில் இருக்கிறது. பேப்பரை நீட்டும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காது போனவளுக்கு ஒன்று சீக்கிரம் தெரிந்துவிடும். வீட்டில் எந்த வாய் எந்த வாயோடு பேசுகிறது என்று. கோவிந்தன் சாந்தியோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தின்கிறான், எழுந்து போகிறான். திவ்யா இவளிடமிருந்து அவனுக்கும் அவனிடமிருந்து இவளுக்கும் நடக்கிறாள். ஒரு வருஷம் ஆகப்போகிறது.

என் பெரிய மகள் ராணி ஊத்தங்கரையில் இருக்கிறாள். நான் வீடு வந்த வாரம் பார்க்க வந்தாள். என்னைப் பார்த்து அழுதாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் நின்று சாந்தியோடு சண்டை போட்டாள். கதவு வழியாகப் பார்த்தேன். ராணியின் கை மேலும் கீழும் போயிற்று. சாந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தாள். திவ்யாவைக் கேட்டேன், என்னா சொல்றா உங்கத்தை என்று. அவள் எழுத மாட்டேன் என்றாள். வற்புறுத்தினேன். எழுதினாள்.

"எங்கம்மா காதைத் தின்னுட்டு நீ நல்லா கேட்டுக்கினு இருக்கற இல்ல."

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. ராணி என்னைப் பெரிய மனுஷியாக நினைத்திருக்கிறாள். நான்கு பேருமே அப்படித்தான். பொய் சொல்லி மருந்து வாங்கச் சொன்னவள் அம்மா என்று சொன்னால் அது போய்விடும் என்று இருந்தேன். சாந்தி ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயைப் பார்த்தே தெரிந்திருக்கும். வெறுமனே பார்த்தாள். பார்த்துவிட்டு அரிசியை உலையில் போட்டாள்.

வாயால் சொல்லலாம் என்று பிறகு பல நாள் உட்கார்ந்து பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்பதில்லை. எவ்வளவு சத்தம் வருகிறது, எங்கே உடைகிறது என்று தெரியாது. அழுகையாக வந்துவிட்டால் பாவம் கிழவி என்று தேற்றிவிட்டு, சொன்னதை விட்டுவிடுவார்கள். அதனால் திவ்யாவிடம் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். ஐப்பசியில் ஆரம்பித்தது, இப்போது தை. சேலைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். யாரும் படிக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. டாக்டருக்கு உங்கள் உடம்பைக் காட்டுங்கள். அடுத்தவர் பெயரில் மருந்து வாங்காதீர்கள். காது இரைந்தால் அந்த நிமிஷமே சொல்லுங்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ராணி வந்திருக்கிறாள், அவள் வீட்டுக்காரரும் வந்திருக்கிறார். கோவிந்தனுக்கு லீவு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

திவ்யா கண்ணு, இந்த நோட்டைப் பிடி. முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படி. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி நின்று படி. ஊசி போடச்சொல்லி நான் பேசின இடத்தில் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும், நீ நிறுத்தாதே. யோசனை யாருடையது என்கிற இடத்தை இரண்டு தடவை படி. எனக்குக் கேட்காது. நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எந்த வரியில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

உங்கம்மா அடுப்படியில் இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வரச்சொல். உங்கப்பா பக்கத்தில் அந்த நாற்காலியில் உட்காரச்சொல். அவள் உட்கார்ந்த பிறகு ஆரம்பி.